ஏழு நாள் பாட்டில்

அந்த அக்கா எதையும் முதல் ஆளாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. கேம்ப் ரோட்டில் புதிதாக ஒரு பேக்கரி திறந்தால், தெருவே போய் வாங்கித் தின்றுவிட்டு வந்த பிறகுதான் அவர் போவார். கோயிலில் பிரசாதம் கொடுத்தால் வரிசையில் ஒதுங்கி நின்று, பின்னால் வருகிறவரை முன்னே விடுவார். கேட்டால், "முதல்ல ஒண்ணு போகட்டும்மா" என்பார். குரலில் அவசரமே இருக்காது. நான் கொதிக்கிற காபியை அப்படியே ஊற்றிக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். அதனால் அவருடைய நிதானத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் போகும் சாலையை ஒட்டி, நாலு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். எதிர்க் கதவு அக்காவுடையது. நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் பிடித்தால் திரும்பி வர சாயங்காலம் ஏழாகிவிடும். என் கணவர் மருந்து விற்கும் வேலையில் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். மகன் நவீனுக்கு மூன்று வயது. அவனைப் பகலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டிருந்தோம். அக்கா குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்த்தார். நாலரை மணிக்கு வீடு திரும்பும்போது அவனையும் கையோடு அழைத்து வந்துவிடுவார். நான் வரும்வரை அவன் அவர் வீட்டில்தான் இருப்பான். இதற்காக அவர் ஒரு வார்த்தை சலித்துக்கொண்டதில்லை. இதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஹாலில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் எட்டு டிஸ்கஸ் மீன்கள். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, தட்டையாக, ஆரஞ்சும் நீலமுமாக அசையாமல் நின்றுகொண்டு நம்மையே பார்க்கும். தொட்டிக்குக் கீழே ஒரு பெட்டி. மேலிருந்து தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் வடிந்து, மோட்டார் மூலம் திரும்ப மேலே ஏறும். ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு மூட்டும் அவர் பொறுக்கி எடுத்து அவர் கையாலேயே மாட்டியவை. பெயருக்குக்கூட ஓர் உலோகத்துண்டு அதில் கிடையாது.

நவீன் தனக்கும் மீன் வேண்டும் என்று அழுதபோது, "மீன் அப்புறம். முதல்ல பைப்பு" என்று என்னை மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பாயின் குழாய்க் கடை. அரை மணி நேரத்துக்குள் பாய் அவர்முன் பாதிக் கடையை இறக்கி வைத்துவிட்டார். அக்கா ஒவ்வொரு குழாயின் வாயையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். சாம்பல் நிறக் குழாய் வேண்டாம், அது தோட்டத்துக்குப் போடுவது. வாசனை அடிக்கிற பச்சை டியூப் வேண்டாம். பித்தளை வால்வை விரல்நுனியால் தள்ளி வைத்தார்.

"பித்தளைதான்மா நாள்பட உழைக்கும்" என்றார் பாய்.

"உழைக்கும் பாய். அதுல இருக்கற செம்பு தண்ணில இறங்கும். நத்தை மூணாம் நாள் செத்துடும், மீன் ஒரு மாசத்துல."

பாய் சிரித்தார். "மனுஷன் குடிக்கிற லைனுக்கே யாரும் இவ்ளோ பார்க்கறதில்லையே. மீனுக்கா பார்க்கறீங்க?"

"மனுஷனுக்கு வயித்த வலிச்சா வாய விட்டுச் சொல்லிடுவான் பாய். மீன் சொல்லாது."

அன்று அந்தக் கடையில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

வாங்கி வந்ததை உடனே மாட்டிவிடவும் முடியாது. அவருடைய சமையலறை ஜன்னல் மேடையில் பழைய ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தண்ணீர், புதிதாக வாங்கிய குழாயிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, ஒரு கப்பி மீன், ஒரு நத்தை. பாட்டில் கழுத்தில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டி, நீலப் பேனாவால் நாள் கணக்கு எழுதியிருப்பார். நாள் ஒன்று, சரி. நாள் இரண்டு, சரி. நாள் மூன்று, தீனி எடுக்கவில்லை. இப்படி ஏழு நாள். ஏழு நாளும் கப்பி நன்றாக இருந்தால்தான் அந்தக் குழாய் டிஸ்கஸ் தொட்டிக்குப் போகும்.

"அந்த மீன் ஏன் தனியா இருக்கு?" என்று நவீன் கேட்டான்.

"அது டியூட்டில இருக்கு கண்ணா."

கப்பிகளை அவர் சாகவிட மாட்டார். அதில் அவர் கறாரானவர். சோர்ந்து போனதும் எடுத்து, பால்கனியில் இருந்த ஒரு நீலத் தொட்டியில் விட்டுவிடுவார். அங்கே அவற்றுக்கு நல்ல தீனி, நல்ல தண்ணீர், மீண்டும் எந்தப் பாட்டிலுக்கும் போக வேண்டியதில்லை. "சாகறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரியணும். செத்த பிறகு தெரிஞ்சு என்ன?" என்பார். ஆனால் முதல் நாள் சோர்ந்தவுடனே எடுக்கவும் மாட்டார். "ஒரு நாள் காட்டினா நம்பக்கூடாதும்மா. சூட்டுல இருக்கலாம், பயத்துல இருக்கலாம். ரெண்டாவது நாளும் காட்டணும்."

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பாட்டில்ல நிக்கற தண்ணி பாதி உண்மைதான் சொல்லும். ஓடற தண்ணிதான் முழுசா சொல்லும்."

கட்டடத்தில் இருந்த பெண்களுக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. அவர் கணவர் ரயில்வேயில் வேலை, அதிகம் பேசாத மனிதர். எந்தக் குழம்பு வைத்தாலும் முதல் கரண்டி அவருக்குத்தான். அவர் சாப்பிட்டுக் கைகழுவி, ஈசி சேரில் சாய்ந்து, பேப்பர் படித்து முடிக்கும்வரை அக்கா தட்டெடுக்க மாட்டார். கீழ் வீட்டு அம்மா தன் மருமகளிடம், "பாத்துக் கத்துக்கோ" என்று ஜாடையாகச் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை. அன்று கடையில் வாங்கிய காளானில் குழம்பு. அவர் சாப்பிட்டு முடித்து ஈசி சேரில் கண்ணயர்ந்தார். அக்கா ஹால் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, "சரி, வா, நாம சாப்பிடலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தார் என்று ஒரு கேள்வியும் வந்தது. சிரிப்பை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன்.

அந்த வருஷ மழையில் எங்கள் சாலை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. நவீன் அவன் அப்பாவோடு வீட்டில் இருந்த ஒரு மாலை, பஸ் கேம்ப் ரோட்டிலேயே இறக்கிவிட, அக்காவும் அங்கே நிற்க, இருவரும் நடந்து வந்தோம். தெருமுனையில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணு போகட்டும்."

எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களைத் தாண்டி இறங்கினார். பத்தடி போனதும் சைக்கிளோடு இடுப்புவரை உள்ளே போய்விட்டார். மூடியில்லாத கால்வாய். நான் கத்திக்கொண்டு ஓடினேன். அக்காவும் வந்தார், அவரும்தான் கைகொடுத்துத் தூக்கினார், முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் தன் கைக்குட்டையால் கட்டிவிட்டார். அவ்வளவு பரிவாகத்தான் எல்லாம் செய்தார். ஆனால் அந்தக் கால்வாய் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாதா என்று எனக்குச் சந்தேகம். அந்தத் தெருவில் பதினோரு வருஷமாக இருப்பவர். திரும்பி வரும்போது, "அந்தப் பக்கமா சுத்திப் போயிடலாம், பாத்தியா" என்றார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் அப்படியெல்லாம் கேட்க மாட்டாள்.

மழை விட்டதும், அக்காவுக்கும் எனக்கும் லீவாக இருந்த ஒரு நாள், வீட்டுக்காரர் குழாய் மாற்ற ஆள் அனுப்பினார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு லைன், அக்கா வீட்டுக்கு ஒரு லைன், இரண்டுமே துருப்பிடித்துச் செங்காவியாகக் கொட்டிக்கொண்டிருந்தன. வந்த பிளம்பரிடம் வீட்டுக்காரர் எங்கோ மலிவாகப் பிடித்த குழாய்களைக் கொடுத்திருந்தார். எந்தக் கம்பெனி என்று குழாயில் ஓர் எழுத்துகூட இல்லை. அக்கா ஒரு துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். முகம் மாறவில்லை.

"இன்னாக்கா, ரெண்டு லைனும் இன்னிக்கே முடிச்சுட்றேன்" என்றார் பிளம்பர். "இன்னொரு நாள் வர்றதுன்னா எனக்குப் பேஜாரு."

"இல்லப்பா. முதல்ல அவங்களுக்குப் போடு. சின்னப் பிள்ளை இருக்கற வீடு. எங்களுக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துரு கலந்த தண்ணீரில் இன்னும் ஒரு வாரம் தான் கிடந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு முதலில் நல்ல தண்ணீர் வரட்டும் என்று நினைக்கிற ஒரு மனுஷி. பிறந்த வீட்டில்கூட எனக்காக யாரும் இப்படி யோசித்ததில்லை.

பிளம்பர் வேலை செய்யும்போது நாங்கள் இருவரும் மொட்டைமாடிக் கதவருகே நின்றிருந்தோம். அவர் இரும்பு மூட்டில் நூலைச் சுற்றி, டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பசையை விரலால் அள்ளி அப்பினார். "ஒயிட் லெட்டுக்கா. கல்லு மாரி நிக்கும்." அது ஈயம் கலந்த பசை என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு குழாய்களை ஒட்டும் சொல்யூஷனைத் தடவினார். காய ஒரு நாளாவது விட வேண்டும். அவர் பீடி ஒன்றைக் குடித்து முடித்துவிட்டு வால்வைத் திறந்துவிட்டார். ஒரு மீன் டியூபுக்காகக் கடையையே புரட்டிப்போட்ட அக்கா, இதையெல்லாம் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் தண்ணீரில் நகப்பூச்சு வாசனை அடித்தது. பிளம்பர், "நாலு நாள்ல பூடும்கா" என்றார். நாங்கள் கேன் தண்ணீர் வாங்காத குடும்பம். குழாய்த் தண்ணீரையே கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்போம், அது அக்காவுக்கும் தெரியும். அன்றிலிருந்து அவர் தினமும் வந்தார். நவீனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். தூங்கினானா, எத்தனை முறை வெளிக்குப் போனான் என்று கேட்டார். ஒரு டம்ளரில் எங்கள் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்த வாரம் மட்டும், சாயங்காலம் அவர் வீட்டில் நவீன் குடிக்கவும் எங்கள் வீட்டுத் தண்ணீரையே பாட்டிலில் கொடுத்துவிடச் சொன்னார். "தண்ணி மாத்தி மாத்திக் குடிச்சா சளி பிடிக்கும்மா." நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். பக்கத்து வீட்டில் இப்படி ஓர் ஆள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள் அவள்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. மதியம் நவீன் வாந்தி எடுத்தான். ஒன்று, இரண்டு, பிறகு எண்ணவில்லை. நாலு மணிக்கு அவன் கழுத்து என் தோளில் நிற்கவில்லை. அக்காதான் ஆட்டோ பிடித்து வந்தார். அவர் மடியில்தான் அவன் தலை இருந்தது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாப்பாடாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், காப்பகத்திலிருந்து ஒட்டியதாக இருக்கலாம் என்றார் டாக்டர். இன்றுவரை எனக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த இரண்டு நாளும் அவன் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்துக்கொண்டு, இவன் பிழைத்தால் போதும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

வீடு திரும்பியபோது கதவருகே இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது, அக்கா தன் வீட்டிலிருந்து பிடித்து வைத்தது. எங்கள் லைனை மூடியிருந்தார். வீட்டுக்காரரை நேரில் போய்ப் பார்த்து, "குழந்தையை ஆஸ்பத்திரில போட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் பயந்துபோய், அவர் சொன்ன கடையில் அவர் சொன்ன குழாயை வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் இரண்டு வீட்டுக்கும் புது லைன் வந்தது. வெள்ளைப் பசை இல்லை, சுற்றுவதற்கு டெஃப்லான் டேப், ஒட்டியபின் இரண்டு நாள் காயவிட்டுத்தான் திறந்தார்கள். கட்டடமே அக்காவைக் கொண்டாடியது. அவர் நவீனுக்குத் தினமும் ஏதாவது செய்து கொண்டுவந்து ஊட்டினார். பருப்புசாதம், பால்கஞ்சி, ஆப்பிள்.

பழைய லைனை இன்னும் கழற்றாமல் போட்டிருந்தார்கள். துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனபோது பார்த்தேன். எங்கள் பழைய வால்வின் கழுத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நீலப் பேனா. நாள் ஒன்று, சரி. நாள் இரண்டு, வாசனை. நாள் மூன்று, சரி. நாள் நான்கு, சோறு பாதி, சோர்வு. நாள் ஐந்து, வாந்தி. மூடியது.

ஈரத்துணி கையில் இருக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாலாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது நவீன் தூங்கிவிட்டிருந்தான். அவன் பாதிச் சோறுதான் சாப்பிட்டான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது தெரிந்த ஒரே ஆள், இரண்டாவது நாளும் காட்டட்டும் என்று காத்திருந்தார்.

பிளாஸ்திரியைக் கிழித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். அவர் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"ரெண்டு லைனும் ஒண்ணாப் போட்டிருந்தா ரெண்டு வீடும் போயிருக்கும்மா. ஒண்ணு நல்லா இருந்ததாலதான் அன்னிக்கு உனக்குக் கொடுக்கத் தண்ணி இருந்துச்சு. வெறும் வாயால சொல்லியிருந்தா அந்த ஓனர் கேட்டிருப்பாரா?"

"அப்போ உங்க வீட்டுக்கு முதல்ல போட்டிருக்கலாமேக்கா."

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். நான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டதைப் போல, மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்:

"என் வீட்டுல மீன் இருக்கேம்மா."

எட்டு டிஸ்கஸும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அறைந்துவிடலாம் போலிருந்தது. அதே நேரம், இந்தக் கைகள்தான் ஆட்டோவில் என் பிள்ளையின் தலையைத் தாங்கின என்பதும் நினைவுக்கு வந்தது. பிளாஸ்திரியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதமே வீடு மாற்றினோம். சாமான் ஏற்றும்போது அவர் கீழே வந்து நவீனுக்கு முத்தம் கொடுத்தார். பால்கனி நீலத் தொட்டியிலிருந்து இரண்டு கப்பிகளை ஒரு கவரில் போட்டு அவன் கையில் கொடுத்தார். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பெருங்களத்தூரில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிபோனபோது நவீன் ஒன்றாம் வகுப்பு. சமையலறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்றைப் புதிதாக மாட்டினோம். மாட்டியவர் குழாயெல்லாம் நல்ல குழாய் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் காலை வீட்டு வேலைக்கு வரும் பெண் வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பக்கத்தில், அதுவரை நாங்கள் குடித்துவந்த கேனில் பாதித் தண்ணீர் இருந்தது. நான் மெஷினில் பிடித்துக் கொடுத்தேன்.

அவள் டம்ளரைத் தூக்கிக் குடித்து முடிக்கும்வரை நின்றேன்.

"இன்னாக்கா அப்டி பாக்குற?"

"ஒண்ணுமில்ல. தண்ணி எப்படி இருக்கு?"

"தண்ணி தண்ணியாத்தான் கீது."

அடுத்த நாள் அவள் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, "வயிறெல்லாம் சரியா இருக்கா? ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டேன். அவள் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"பெத்த அம்மாகூட என்னை இப்டி கேட்டது இல்லக்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நவீன் பள்ளிக்கூடச் சீருடையில், காலி டம்ளரோடு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, நான் இதுல குடிக்கலாமா?"

"இன்னும் அஞ்சு நாள் போகட்டும்" என்றேன்.